பிரேசில் மாணவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிவைப்பது

கேள்வி இதுதான்: இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவரிடம் பிரேசில் மாணவர்கள் படிக்கிறார்கள். இலக்கணம் நன்றாக வருகிறது, பேச்சு புரிவதில்லை. ‘திங்க்’, ‘தட்’ போன்ற சொற்களின் டி.எச். ஒலியில் தொடங்கி ஒரு மாதம் ஆகியும் பலனில்லை. வேறு எப்படிக் கற்பிக்கலாம்?

டி.எச். ஒலியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பிரேசில்காரர் பேசும் ஆங்கிலம் புரியாமல் போவதற்கு அது முதல் காரணம் அல்ல, ஐந்தாவது காரணமாகக்கூட இருக்காது. அதைவிட முக்கியமான இன்னொன்று. ஆங்கிலத்துக்கு வேண்டிய ஒலிகளில் பெரும்பகுதி பிரேசில் போர்ச்சுகீசிய மொழியிலேயே இருக்கிறது. சொல்லின் வேறு இடத்தில் இருக்கும், அல்லது நாட்டின் வேறு மாநிலத்துப் பேச்சில் இருக்கும். இல்லாத ஒலியைப் புதிதாக உண்டாக்குவதைவிட, இருக்கும் ஒலியை எடுத்து வேண்டிய இடத்தில் வைப்பது மிகச் சுலபம். பாடத்தை இந்த அடிப்படையில் அமைத்தால் வேகம் கூடும்.

முதலில் கைவைக்க வேண்டியது சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் இகரம். போர்ச்சுகீசியச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். இல்லையென்றால் எஸ், ஆர், எல், மூக்கொலி என்ற சிலவற்றில்தான் முடியும். க், ப், ட், ட வர்க்கத்தின் குரலொலி (தொண்டை அதிர வரும் ஒலி), க வர்க்கத்தின் குரலொலி ஆகியவற்றில் சொல் முடிந்தால் பிரேசில் நாக்கு ஓர் இகரத்தைச் சேர்த்துத்தான் நிறுத்தும். ஃபேஸ்புக் அங்கே ‘ஃபேய்ஸிபுக்கி’. இரண்டு அசை நான்காகிவிடும். தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘பஸ்ஸு’, ‘புக்கு’ என்று நாம் உகரம் சேர்க்கும் இடத்தில் அவர்கள் இகரம் சேர்க்கிறார்கள், அவ்வளவுதான். முன்னால் வரும் இகரமோ அப்படியே நம்முடையது: நமக்கு ‘இஸ்கூல்’, அவர்களுக்கு ‘இஸ்கூவ்’.

முன்னால் வரும் இகரத்தால் பெரிய சேதம் இல்லை. ‘இஸ்டாப்’ என்றால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். கடைசி இகரம் அப்படியல்ல, சொல்லையே மாற்றிவிடுகிறது. ‘லக்’ (அதிர்ஷ்டம்) ‘லக்கி’ (அதிர்ஷ்டசாலியான) ஆகிறது. ‘ஸ்லீப்’ (தூக்கம்) ‘ஸ்லீப்பி’ (தூக்கக் கலக்கமான) ஆகிறது. ‘ராக்’ இசை ‘ஹாக்கி’ விளையாட்டாகக் கேட்கிறது (ரகரம் ஹகரமாவது ஏன் என்பது பின்னால் வரும்). ஆகவே கடைசி இகரத்தை முதலில் எடுங்கள், முன் இகரம் காத்திருக்கட்டும்.

இதை முதலில் எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பிரேசிலின் பெரும்பகுதியில் இகரத்துக்கு முன்னால் வரும் தகரம் சகரமாகிவிடும், அதன் குரலொலி ஜகரமாகிவிடும். எழுத்தில் ‘தியா’ (அத்தை) வாயில் ‘ச்சியா’. எழுத்தில் ‘தியா’வின் குரலொலி வடிவம் (நாள்) வாயில் ‘ஜியா’. ஆகவே ‘ரைட்’ என்ற சொல்லில் முதலில் இகரம் ஒட்டுகிறது, அந்த இகரம் வந்ததால் ட் சகரமாகி ‘ஹைச்சி’ ஆகிறது. ‘குட்’ ‘குஜி’ ஆகிறது. சகரத்தைத் திருத்தப் போராடும் ஆசிரியர் விளைவோடு மோதுகிறார். இகரத்தை நீக்கினால் சொல்லின் இறுதியில் சகரம் தானே மறைந்துவிடும்.

நீக்கும் முறை: ‘ஸ்டாப்’ என்று சொல்லச் சொல்லி, கடைசியில் உதட்டை மூடியபடி இரண்டு விநாடி வைத்திருக்கச் சொல்லுங்கள். திறக்கவே கூடாது. இகரம் நுழைவது உதட்டைத் திறக்கும் நொடியில்தான், திறக்காவிட்டால் அதற்கு இடமில்லை. ‘புக்’ என்றால் நாக்கின் பின்பகுதி மேலே ஒட்டியபடி நிற்க வேண்டும். ‘கேட்’ (பூனை) என்றால் நாக்கு நுனி மேல் ஈறில் நிற்க வேண்டும். ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் சாதாரணப் பேச்சில் இந்தக் கடைசி ஒலிகளைப் பல நேரம் இப்படியே விடுவதால் இது செயற்கையான பயிற்சி அல்ல. பத்துச் சொல் போதும், நாளுக்கு மூன்று நிமிடம்.

இந்தப் பயிற்சியில் வழக்கமாக நேரும் கெடுதல் ஒன்று: இகரத்தோடு சேர்த்து மெய்யையும் விழுங்கிவிடுவார்கள். ‘ஸ்டாப்’ வெறும் ‘ஸ்டா’ ஆகிவிடும். ஒலி கூடினால் கேட்பவர் சமாளித்துக்கொள்வார், ஒலி குறைந்தால் சமாளிக்க முடியாது. அதனால் அன்றே இரண்டாவது படிக்குப் போய்விடுங்கள். உயிரில் தொடங்கும் சொல்லை அடுத்து வையுங்கள்: ‘ஸ்டாப் இட்’, ‘புக் இஸ்’, ‘குட் ஐடியா’. மெய் அடுத்த உயிரோடு சேர்ந்து ‘ஸ்டா-பிட்’, ‘பு-கிஸ்’ என்று வந்தால் ஒட்டு உயிருக்கு வேலையே இல்லை. 1985-இல் தொடங்கிய ‘ராக் இன் ரியோ’ இசைவிழாவின் பெயரே கைக்கெட்டும் உதாரணம். தனியாக ‘ஹாக்கி’ என்று சொல்லும் மாணவரே அந்தப் பெயரில் ‘ஹா-கின்-ஹியு’ என்று இகரம் கூட்டாமல் சொல்வார். உங்களால் ஏற்கெனவே முடிகிறது என்று காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அசை எண்ணுவதையும் பழக்குங்கள். நீங்கள் சொல்லும்போது மாணவர் மேசையில் தட்ட வேண்டும். பிறகு அவர் சொல்ல, நீங்கள் திரையைப் பார்க்காமல் கேட்டு எத்தனை அசை என்று சொல்ல வேண்டும். இறந்தகால வினைகளுக்கு இதுவே மருந்து. ‘வர்க்ட்’ ஓர் அசை. எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பிரேசில் மாணவர் அதை ‘வர்க்கெஜி’ என்று மூன்றாக்குவார். ட் ஒலியிலோ அதன் குரலொலியிலோ முடியும் வினைகளுக்கு மட்டுமே (‘வான்ட்டட்’, ‘நீடட்’) ஓர் அசை கூடும், மற்ற எதற்கும் கூடாது. இந்த ஒரு விதி போதும். மற்ற இரண்டு வகைகளின் குரலொலி வேறுபாட்டை விளக்கி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்; ‘வர்க்ட் இன்’ என்பதை ‘வர்க்-டின்’ என்று சேர்த்துச் சொன்னால் அது பெரும்பாலும் தானே சரியாக வரும்.

தினமும் பயன்படுத்தும் சொற்களில் சிக்கல் அதிகம். பிரேசிலில் மடிக்கணினிக்குப் பெயர் ‘நோட்புக்’, பேச்சில் ‘நோச்சிபுக்கி’. வீட்டிலிருந்து வேலை ‘ஹோமி ஆஃபிஸி’. இவை போர்ச்சுகீசியத்தில் நிலைபெற்ற சொற்கள். அங்கே அந்த உச்சரிப்புதான் சரி, தவறென்று சொல்லி மாணவரைக் கூச்சப்பட வைக்காதீர்கள். ஒரே சொல்லை முதலில் போர்ச்சுகீசிய வாக்கியத்தில் அவர்கள் பாணியிலும், உடனே ஆங்கில வாக்கியத்தில் ஆங்கில அசையெண்ணிக்கையோடும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே மாறத் தெரிந்தவர் பிறகு குழம்புவதில்லை.

அடுத்தது ஆர் ஒலி. இங்கேதான் உண்மையான குழப்பம் நடக்கிறது. போர்ச்சுகீசியத்தில் சொல்லின் முதலில் வரும் ஆர் எழுத்தும், நடுவில் இரட்டித்து வரும் ஆர் எழுத்தும் பிரேசிலின் பெரும்பகுதியில் ஹகரம்போல ஒலிக்கும். ரியோ ‘ஹியு’, எலியைக் குறிக்கும் சொல் ‘ஹாத்து’. எச் எழுத்துக்கோ ஒலியே கிடையாது. விளைவு: ‘ரெட்’ (சிவப்பு) ‘ஹெட்’ (தலை) ஆகிறது, ‘ரோம்’ நகரம் ‘ஹோம்’ (வீடு) ஆகிறது, எச் எழுத்தைப் பார்த்ததும் ‘ஹேர்’ (முடி) ‘ஏர்’ (காற்று) ஆகிறது. ‘ஹங்ரி’ (பசி) ‘ஆங்ரி’ (கோபம்) ஆவதும் இதனால்தான்.

ஹகரத்துக்குப் பயிற்சியே வேண்டாம். ரியோ என்ற சொல்லின் முதலொலியை எடுத்து, தொண்டையைக் கரகரக்கவிடாமல், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல மென்மையாக ‘ஹவுஸ்’ முன்னால் வைக்கச் சொன்னால் முடிந்தது.

ஆங்கில ரகரமும் பிரேசிலிலேயே கிடைக்கிறது. சாவோ பாவுலோ மாநிலத்தின் உட்பகுதி, மினாஸ் ஜெராய்ஸின் தென்பகுதி, பரனா, கோயாஸ் வட்டாரங்களில் ‘போர்த்தா’ (கதவு) என்ற சொல்லின் ரகரத்தை நாக்கைப் பின்னுக்கு வளைத்து, எதையும் தொடாமல் சொல்வார்கள். ‘கைப்பிரா’ ஆர் என்று பெயர். அமெரிக்க ரகரத்துக்கு மிக நெருக்கமானது. நாடெங்கும் தெரிந்த பேச்சு. எந்த மாணவரும் போலச் செய்து காட்டுவார். நகரத்தார் இதைக் கேலிசெய்யும் வழக்கம் இருப்பதால் மரியாதையோடு கேளுங்கள். மாணவரே அந்தப் பகுதிக்காரராக இருந்தால், அவருடைய ஊர்ப்பேச்சு ஆங்கிலத்துக்குப் பெரிய முதலீடு என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

படிகள்: ‘போர்த்தா’வின் ரகரத்தை மூன்று விநாடி நீட்டச் சொல்லுங்கள். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களைத் தொட வேண்டும், நுனி எதையும் தொடக் கூடாது. அடுத்து ‘போ’வை வெட்டிவிட்டு ரகரத்திலிருந்தே தொடங்கி ‘ர்ர்ர்-எட்’. பிறகு நீட்டலைக் குறையுங்கள். நுனி தொட்டுவிட்டால் நம் ‘மரம்’ ரகரம் வரும். அப்போது ரகரத்துக்கு முன் மெல்லிய ‘அ’ ஒன்றைச் சேர்த்துத் தொடங்கச் சொன்னால் நாக்கு விலகும். உதட்டை அதிகம் குவித்தால் ‘வெட்’ என்று கேட்கும், அப்போது லேசாகச் சிரித்த வாயோடு சொல்லச் சொல்லுங்கள். ‘ட்ரீ’, ‘ப்ரெட்’ போன்ற கூட்டொலிகளில் தொட்டுப் போகும் ரகரம் வந்தால் விட்டுவிடுங்கள், புரிதல் கெடாது.

தொட்டுப் போகும் அந்த ரகரத்துக்கும் ஒரு வேலை உண்டு. அமெரிக்கர்கள் ‘வாட்டர்’, ‘பெட்டர்’ என்பவற்றின் நடுவொலியைச் சொல்வது, போர்ச்சுகீசிய ‘பரா’ என்ற சொல்லின் ரகரத்தைப் போலத்தான். அமெரிக்க ஆங்கிலம் வேண்டும் என்று வரும் மாணவருக்கு இதைச் சொன்னவுடன் காது திறக்கும். ‘ஸிட்டி’யை ‘ஸிச்சி’ என்று சொல்லும் பழக்கமும் இதனாலேயே போய்விடும்.

சொல்லின் தொடக்கத்தில் இகரத்துக்கு முன் வரும் ட் இன்னும் மிச்சமிருக்கிறது: ‘டீம்’ ‘ச்சீம்’ ஆகிறது, ‘டிப்’ ‘ச்சிப்’ ஆகிறது. இதற்கும் பிரேசிலிலேயே துணை உண்டு. பெர்னாம்புக்கோவின் ரெசிஃபெ போன்ற வடகிழக்கு ஊர்களில் பலர் ‘தியா’வைத் ‘தியா’ என்றே சொல்கிறார்கள். ‘வடகிழக்குக்காரர்போலச் சொல்லுங்கள்’ என்பது ஒரு வழி. இன்னொன்று: ‘டே’ என்று தொடங்கி, நாக்கு நுனியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு உயிரை மட்டும் மெல்ல ‘டீ’ வரை நகர்த்துவது. சகரம் தலைகாட்டினால் நாக்கின் நடுப்பகுதி மேலே ஏறிவிட்டது என்று பொருள்.

விந்தை என்னவென்றால், ஆங்கிலச் சகரம் வேண்டிய இடத்தில் இவர்களுக்கு ஷகரம் வந்துவிடும். காரணம் எழுத்து. சி.எச். என்று எழுதினால் போர்ச்சுகீசியத்தில் ஷகரம், ஜே எழுத்துக்கோ ஷகரத்தின் குரலொலி. ‘ச்சிக்கன்’ ‘ஷிக்கன்’ ஆகும், ‘ஜாப்’ உருட்டி மழுங்கும். ‘ச்சியா’விலிருந்து சகரத்தையும் ‘ஜியா’விலிருந்து ஜகரத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் முடியும் வேலை.

எம், என் முடிவுகளைக் கவனிக்காத ஆசிரியர்கள் பலர். போர்ச்சுகீசியத்தில் இந்த எழுத்துகள் சொல்லின் கடைசியில் வந்தால் முன்னுள்ள உயிர் மூக்கால் ஒலிக்கும், உதடு மூடாது. எனவே ‘ஸம்’ (சில), ‘ஸன்’ (சூரியன்), ‘ஸங்’ (பாடப்பட்ட) மூன்றும் ஒன்றாகக் கேட்கும். எம் என்றால் உதடு மூடியிருப்பது கேமராவில் தெரிய வேண்டும், என் என்றால் பல்வரிசைக்கு நடுவே நாக்கின் அடிப்பகுதி தெரிய வேண்டும். மைக்கை அணைத்துவிட்டு மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பார்த்தே கண்டுபிடிக்க முடிந்தால் சரி.

உயிர்களில் இரண்டு இடங்கள்தான் அவசரம். ஒன்று ‘ஷிப்’, ‘ஷீப்’ வேறுபாடு. இதைத் தமிழ் ஆசிரியர் இகர, ஈகார நீள வேறுபாடாக மட்டும் கற்பித்துவிடும் ஆபத்து உண்டு. நீளம் மட்டுமல்ல, ஒலியே வேறு. குறில், இகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் இருக்கிறது. ‘வோஸே’ (நீங்கள்) என்ற சொல்லின் இறுதி உயிரில் தொடங்கி, வாயைத் தளர்த்தி, இம்மியளவு மேலே போகச் சொன்னால் கிடைக்கும். கடற்கரையைக் குறிக்கும் சொல்லும் காகிதத் தாளைக் குறிக்கும் சொல்லும் வசைச்சொல்லாகக் கேட்டுவிடுமோ என்று பயந்து அவற்றையே தவிர்ப்பவர்கள் பலர். நீட்டி, உதட்டைப் பக்கவாட்டில் இழுத்துச் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது ‘பெட்’ (படுக்கை), ‘பேட்’ (கெட்ட) வேறுபாடு. திறந்த எகரம் இவர்கள் மொழியில் இருக்கிறது. பாதத்தைக் குறிக்கும் ‘பெ’ என்ற சொல்லில் தொடங்கி தாடையை ஒரு விரல் அளவு இறக்கினால் ‘பேட்’ உயிர் வரும். ‘மேன்’, ‘மென்’ இணையை மட்டும் கடைசியில் எடுங்கள். மூக்கொலிக்கு முன் அவர்கள் உயிர் தானாகவே மூடிக்கொள்வதால் அது மிகக் கடினமான இணை.

அழுத்தமில்லாத ஆங்கில அகரத்துக்கும் தேடிப் போக வேண்டியதில்லை. ‘காஸா’ (வீடு) என்பதன் கடைசி உயிர் ஏறக்குறைய அதுதான். ‘அபவுட்’, ‘பனானா’ ஆகியவற்றின் முதல் அசையில் அதை வைக்கச் சொல்லுங்கள்.

சொல்லழுத்தம் தனிப் பாடம். இரு மொழிகளுக்கும் லத்தீன் வழிச் சொற்கள் ஆயிரக்கணக்கில் பொது, ஆனால் அழுத்தம் இடம் மாறும். மருத்துவமனை, விலங்கு, தலைநகர் ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஹாஸ்பிட்டல்’, ‘அனிமல்’, ‘கேப்பிட்டல்’ மூன்றும் ஆங்கிலத்தில் முதல் அசையில் அழுத்தம் பெறும். போர்ச்சுகீசியத்தில் கடைசி அசையில். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லில் போர்ச்சுகீசிய அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில், ஆங்கிலத்தில் ‘வர்’ அசையில். ‘மோட்டார்’, ‘டாக்டர்’ வகைக்கும் போர்ச்சுகீசியத்தில் கடைசி, ஆங்கிலத்தில் முதல். தனித்தனிச் சொல்லாகத் திருத்தாமல் ஈறு வாரியாக வகுப்புக்கு ஒரு வகை என்று எடுத்தால் ஒரே நாளில் முப்பது சொல் திருந்தும். பொருள் தெரிந்த சொற்களே இவை என்பதால் மாணவர் இவற்றைத்தான் அதிகம் பேசுவார். அழுத்தம் தவறினால் பாதிப்பும் அதிகம்.

எல் முடிவு ‘வ்’ ஆவதில் (‘ஸ்கூவ்’, ‘ஃபீவ்’) நேரம் செலவிட வேண்டாம். லண்டன்காரர்களே பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘கோ’, ‘கோல்’ குழம்பும்போது மட்டும் நாக்கு நுனியை மேலே ஏற்றி முடிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தை உலகப் பொதுமொழியாகப் பேசுவோரிடம் எது புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்து ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000-இல் முன்வைத்த அடிப்படைத் தொகுப்பிலும் டி.எச். ஒலிகளும் இந்த எல் ஒலியும் கட்டாயப் பட்டியலில் இல்லை. டி.எச். கற்பிக்கும் நாள் வரும்போது நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்து ஊதினால் போதும். அதுவரை ‘திங்க்’ என்பதன் முதலொலிக்குப் பதில் ட் மட்டும் வேண்டாம். அடுத்துள்ள இகரத்தால் அது சகரமாகிவிடும்.

உங்கள் வாயையும் ஒருமுறை சரிபாருங்கள். பிரேசில் மாணவருக்கு வி, டபிள்யூ ஒலிகள் இரண்டும் தனித்தனியாகத் தெரியும், எஸ், இஸட் வேறுபாடும் சொல்லின் முதலில் தெரியும். நாம் இரண்டையும் கலந்து முன்மாதிரி காட்டினால் அவரிடம் இருப்பதும் கெடும். சொல்லின் முதலில் வரும் ப், ட், க் ஒலிகளில் ஆங்கிலத்துக்கு மூச்சு வேண்டும். தமிழிலும் இல்லை, போர்ச்சுகீசியத்திலும் இல்லை. உதட்டுக்கு முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து ‘பென்’ என்று சொன்னால் காகிதம் ஆட வேண்டும். இதை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே பழகலாம். நம் டகரத்தில் நாக்கு பின்னால் வளைவதையும் கட்டுப்படுத்துங்கள். நுனி ஈறில் நின்றால் போதும்.

ஐம்பது நிமிட வகுப்பில் உச்சரிப்புக்குப் பத்து நிமிடம், ஒரு நேரத்தில் ஒரே குறை, அதற்கு இரண்டு வாரம். அந்தக் குறையைத் தவிர வேறெதையும் அந்த இரண்டு வாரம் திருத்தாதீர்கள். புதுச் சொல்லை எழுத்தில் காட்டும் முன் மூன்று முறை காதால் கேட்கச் செய்யுங்கள். மேலே சொன்ன பிழைகளில் பாதிக்கு எழுத்துதான் மூலம். காணொளி வகுப்பு மென்பொருளின் இரைச்சல் நீக்கும் வசதி, ஹகரத்தையும் சொல்லின் கடைசி மெய்யையும் இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடக்கூடும். பயிற்சி நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள். வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப் குரல்பதிவாக வாங்குங்கள். பிரேசிலில் குரல்பதிவு அனுப்பும் பழக்கம் மிக அதிகம் என்பதால் தயங்க மாட்டார்கள்.

இத்தனையும் பிரேசிலுக்கு. மாணவர் லிஸ்பனிலிருந்து வந்தால் பட்டியல் மாறும். போர்ச்சுகலில் அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கிப் பேசுவார்கள், அதனால் கடைசி இகரமும் இல்லை, இகரத்துக்கு முன் சகரமும் இல்லை, எல் ஒலியும் இருக்கிறது. ‘தட்’ சொல்லின் மென்மையான டி.எச். ஒலிக்கு நெருக்கமானதுகூட இரண்டு உயிர்களுக்கு நடுவே அவர்கள் பேச்சில் வரும். அவர்களிடம் கவனிக்க வேண்டியது அசையின் கடைசியில் எஸ் ஷகரமாவது. ரியோ நகரத்தாரிடமும் இது உண்டு. எனவே முதல் வகுப்பில் ஊரைக் கேட்டுவிட்டு, ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கடைசி இகரம், முதல் ஆர், இகரத்துக்கு முன் ட், எம்-என் முடிவு, எஸ் முடிவு ஆகிய ஐந்தையும் எத்தனை முறை என்று எண்ணி, அதிகம் வருவதிலிருந்து பாடத்தைத் தொடங்குங்கள்.